சர்ஃப் கிளப் விருது விழா: நம்மவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

சிட்னிக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு சர்ஃப் லைஃப் சேவிங் கிளப்பில், அதாவது கடலில் குளிப்பவர்களைக் காக்கும் தன்னார்வலர் கிளப்பில், ஒன்பது வருடமாக இருக்கிறேன். மகளை நிப்பர்ஸ் எனும் பிள்ளைகள் பிரிவில் சேர்க்கப் போனவள், இப்போது விருதுக் குழுவில் ஒருத்தி. மார்ச் பிறந்தால் போதும், தமிழ்ப் பள்ளி வாசலிலும் கோயில் சாப்பாட்டு வரிசையிலும் யாராவது கையைப் பிடித்து நிறுத்திச் சந்தேகம் கேட்பார்கள். கேட்கிற ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் அனுப்பி அலுத்துப் போய், எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயால் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். விதிகள் கிளப்புக்குக் கிளப் கொஞ்சம் மாறும். நான் சொல்வது நியூ சவுத் வேல்ஸ் பழக்கம்.

அக்கா, பீச்ல மஞ்சள் சட்டை சிவப்பு டவுசர் போட்டு நிக்கிறாங்களே, அவங்க கவுன்சில் ஆளுங்கதானே? சம்பளம் வாங்குறவங்களுக்கு எதுக்கு விழா?

மஞ்சள் சட்டைக்காரர்கள் ஒரு டாலர் கூட வாங்குவதில்லை. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் லைஃப்கார்டுகள். அவர்களைக் கவுன்சில் நியமிக்கிறது. சிட்னியின் பாண்டை கடற்கரையில் நீலச் சட்டையில் திரிகிறார்களே, அவர்கள் அந்த வகை. சிவப்பும் மஞ்சளும் கட்டமிட்ட தொப்பியோடு, குளிக்கப் பாதுகாப்பான இடத்தைக் காட்டும் கொடிகளுக்கு நடுவே நிற்பவர்கள் லைஃப்சேவர்கள். வார நாளில் ஆசிரியர், பிளம்பர், நர்ஸ், ஐ.டி. ஆள் என்று ஏதோ ஒன்றாக இருப்பார்கள். சனி, ஞாயிறு, பொது விடுமுறை என்றால் கடற்கரைக்கு வந்துவிடுவார்கள்.

இது நேற்று தொடங்கிய வழக்கமும் இல்லை. 1907ல் சிட்னியின் கிளப்புகள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தன. அதுதான் வளர்ந்து இன்றைய சர்ஃப் லைஃப் சேவிங் ஆஸ்திரேலியா ஆனது. இன்று நாடு முழுக்க 300க்கும் மேற்பட்ட கிளப்புகள். எது முதல் கிளப் என்பதில் பாண்டைக்கும் பிரான்டி கடற்கரைக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை. இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மேஜையில் இருந்தால் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

விழா எப்ப நடக்கும்? என்னதான் கொடுப்பாங்க?

கடற்கரைக் காவல், அதாவது பேட்ரோல், செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறையோடு தொடங்கி ஏப்ரல் 25 அன்சாக் தினம் வாக்கில் முடியும். அதற்குப் பிறகு மே, ஜூனில் பெரியவர்களுக்கு ஓர் இரவு விருந்து. நிப்பர்ஸ் பிள்ளைகளுக்குச் சீசன் முடியும் தறுவாயில் ஒரு ஞாயிறு காலை, மணலிலோ கிளப் கூடத்திலோ, தனி விழா. மே மாதத்தில் தேசியத் தன்னார்வலர் வாரமும் வருவதால் சில கிளப்புகள் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

கொடுப்பது பெரும்பாலும் சான்றிதழ், சின்னக் கேடயம், ஒரு ஜாக்கெட். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று எனக்கும் முதல் வருடம் தோன்றியது. அந்தக் கூடத்துச் சுவரில் பொன் எழுத்தில் பெயர் பொறித்த மரப்பலகையைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை. நூறு வருடத்துக்கு முந்தைய பெயர்கூட அதில் இருக்கிறது.

பிரான்ஸ் மெடாலியன் வாங்கினேன்னு என் பையன் சொல்றான். பிரான்ஸ்னா வெண்கலம், மூணாவது பரிசுதானே?

என் மாமனார் போனில் இதையேதான் கேட்டார். "வெண்கலமா? பரவாயில்லம்மா, அடுத்த தடவை தங்கம் வாங்கிடலாம்." இது போட்டிப் பரிசு இல்லை மாமா, தகுதித் தேர்வு என்று விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

1910லிருந்து இருக்கும் தேர்வு இது. பேட்ரோலில் முழு உறுப்பினராக நிற்க இது வேண்டும். குறைந்தபட்ச வயது 15. நீச்சல் குளத்தில் 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். கடலில் 200 மீட்டர் ஓடி, 200 நீந்தி, மறுபடி 200 ஓடுவதை 8 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். கூடவே நெஞ்சை அழுத்தி உயிரூட்டும் சி.பி.ஆர்., முதலுதவி, ரேடியோ, கைச் சைகைகள், சர்ஃப் பலகையிலும் மிதவை ட்யூபிலும் ஆளை மீட்பது என்று வாரக்கணக்கில் பயிற்சி உண்டு. பதின்மூன்று வயதுக்காரர்களுக்கு சர்ஃப் ரெஸ்க்யூ சான்றிதழ் என்று இதற்கு முந்தைய படி ஒன்று இருக்கிறது.

ஒருமுறை வாங்கிவிட்டு அலமாரியில் வைத்துவிடவும் முடியாது. ஒவ்வொரு சீசனும் டிசம்பர் 31க்குள் திரும்ப நீந்திக் காட்டித் தகுதியைப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் பையன் வாங்கியிருந்தால் கிளப்பில் மேடையேற்றிக் கைதட்டுவார்கள். வீட்டிலும் ஒரு பாயசமாவது வையுங்கள்.

எனக்கு நீந்தவே தெரியாது. எனக்கு அங்க என்ன வேலை, என்ன விருது வரப் போகுது?

கடலில் கால் நனைக்காத ஆட்கள் இல்லாவிட்டால் எந்த கிளப்பும் ஒரு மாதம் தாங்காது. சீருடைக் கடை, உறுப்பினர் பதிவு, கணக்கு, ரேடியோ அறை, முதலுதவி அறை, கேன்டீன், ஞாயிற்றுக்கிழமை சாசேஜ் பார்பிக்யூ, நிதி திரட்டும் ராஃபிள் குலுக்கல் எல்லாமே கரையில் நடப்பவை. பிள்ளைகளோடு வேலை செய்ய 'வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக்' என்ற பின்னணிச் சோதனை வேண்டும்; தன்னார்வலர்களுக்கு அது இங்கே இலவசம்.

எங்கள் கிளப்பில் எழுபதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். மீட்பு ரப்பர் படகை நாங்கள் கரைக்கு இழுத்து வந்து, டவலைப் போர்த்திக்கொண்டு காபிக்கு ஓடிவிடுவோம். அவர் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் குழாயடியில் படகு எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிடுவார். உப்பு தங்கினால் எஞ்சின் அரித்துப் போகும் என்பதால் ஒவ்வொரு பேட்ரோலுக்குப் பிறகும் செய்தே ஆகவேண்டிய வேலை அது. ஒரு கையில் ஹோஸ், இன்னொரு கையில் பழைய பல் துலக்கும் பிரஷ். மூடி இடுக்கில் ஒரு மணல் துகள் தெரிந்தாலும் விடமாட்டார். படகு ஒரு நாள்கூடக் கிளம்ப மறுத்ததில்லை என்பதால் அவரைப் பற்றி யாரும் பேசியதும் இல்லை. இந்த மாதிரி ஆட்களைத் தேடிப் பிடிப்பதுதான் விருதுக் குழுவின் முதல் வேலை என்று நான் நினைக்கிறேன். ஓடி ஜெயித்தவர் பெயர் போட்டி முடிவிலேயே இருக்கிறது. அதை எடுத்து எழுதக் குழு எதற்கு?

என் பொண்ணு நிப்பர்ஸ்ல எல்லா ரேஸ்லயும் கடைசி. விழாவுக்குக் கூட்டிட்டு வந்தா அழுவாளோ?

கூட்டி வாருங்கள். நிப்பர்ஸ் என்பது 5 முதல் 13 வயது வரையான பிள்ளைகளின் பிரிவு. ரேஸ் அதில் ஒரு பகுதிதான். ஒவ்வொரு வயதுக்கும் தனிப் பாடம் உண்டு: சின்னவர்களுக்கு சர்ஃப் ப்ளே, பிறகு சர்ஃப் அவேர், சர்ஃப் சேஃப், சர்ஃப் ஸ்மார்ட். ரிப் எனும், ஆளைக் கடலுக்குள் கொண்டுபோகும் இழுப்பு எங்கே ஓடுகிறது என்று கரையிலிருந்தே கண்டுபிடிப்பது, உதவி வேண்டுமென்றால் கையை எப்படித் தூக்குவது எல்லாம் அதில் வரும். முடிக்கிற பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்கும். அதற்கும் ஓட்ட வேகத்துக்கும் சம்பந்தமில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். விழா முடிந்து காரில் ஏறியதும் "அந்தப் பையனுக்கு ரெண்டு கிடைச்சுது பாத்தியா" என்று தொடங்காதீர்கள். என் மகள் எட்டு வயதில் முழங்காலளவுத் தண்ணீருக்கு மேல் போகமாட்டாள். அவளுடைய ஏஜ் மேனேஜர், அதாவது அந்த வயதுக் குழுவைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோர், விழாவில் சொன்ன வரி இது: "நவம்பரில் முழங்கால், பிப்ரவரியில் தோள்." அந்தச் சான்றிதழ் இன்னும் எங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

மகன் எல்லாப் பேட்ரோலுக்கும் போனவன். ஆனா நூறு வீதம் வந்த ஆக்களின்ட லிஸ்டில அவன்ட பேர் இல்லை. ஏன் அக்கா?

பத்தில் ஒன்பது தடவை காரணம் ஒன்றே: கையெழுத்து. பேட்ரோலுக்கு வந்ததும் பதிவில் பெயரும் நேரமும் ஏற வேண்டும், போகும்போதும் ஏற வேண்டும். பையன்கள் நேராகத் தண்ணீருக்கு ஓடிவிடுவார்கள். பதிவில் இல்லாத மணிநேரம் கணக்கிலும் இருக்காது. சீசன் முடிந்து மே மாதத்தில் வந்து கேட்டால் யாராலும் சேர்க்க முடியாது. மாதத்துக்கு ஒருமுறை அவனுடைய மணிநேரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். குறை இருந்தால் பேட்ரோல் கேப்டனிடம் அந்த மாதமே சொன்னால் திருத்திவிடலாம்.

தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பிய நாளை சில கிளப்புகள் வருகையாக எடுத்துக்கொள்ளும், சில எடுத்துக்கொள்ளாது. டிசம்பர் 31க்குள் தகுதியைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தாலும் சிக்கல்தான். மேலே பிரான்ஸ் மெடாலியன் பற்றிய பதிலைப் பாருங்கள்.

ஒருத்தரைப் பரிந்துரை பண்ணணும்னு ஆசை. ஃபார்ம்ல என்ன எழுதுறதுன்னே தெரியல.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். எங்களுக்கு வரும் பரிந்துரைகளில் பாதி இப்படி இருக்கும்: "இவர் மிகவும் நல்லவர். கடின உழைப்பாளி. எல்லோரிடமும் அன்பாகப் பழகுவார்." கல்யாண வரன் பார்க்கவே இது போதாது. படித்து முடித்த பிறகும் அந்த ஆள் கண்ணுக்குத் தெரியமாட்டார். குழுவில் அவரை நேரில் தெரியாதவர் மூன்று பேர் உட்கார்ந்திருப்போம் என்பதை நினைவில் வையுங்கள்.

நாள், எண்ணிக்கை, செய்த வேலை, அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும். இந்த நான்கும் போதும். உதாரணத்துக்கு நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன்: "இந்த சீசனில் 20 ஞாயிறுகளில் 18ல் காலை ஆறே முக்காலுக்கு வந்து நிப்பர்ஸ் பலகைகளைக் கீழே இறக்கி வைத்தார். ஜனவரியில் ட்ரெய்லர் பழுதானபோது தன் வேனில் இரண்டு நடையாக ஏற்றி வந்தார். இல்லாவிட்டால் அன்று பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பயிற்சியே நடந்திருக்காது. புதிதாக வந்த நான்கு பெற்றோருக்கு அந்த வேலையைப் பழக்கியும் விட்டிருக்கிறார்." ஐந்தே நிமிட வேலை. ஆளும் கண்முன் வந்து நிற்கிறார்.

ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்க வேண்டாம். சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன். ஆனால் சீசன் முடியும்வரை காத்திருக்காதீர்கள். டிசம்பரில் நடந்தது மே மாதத்தில் யாருக்கும் நினைவிருக்காது. நான் போனில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன். கடற்கரையில் ஏதாவது கண்ணில் பட்டால், கார் நிறுத்துமிடம் போய்ச் சேர்வதற்குள் ஒரு வரி தட்டிவிடுவேன்.

சொந்தப் பேரை நானே கொடுக்கலாமா? ரொம்ப வெட்கமா இருக்கு.

பல கிளப்புகளில் கொடுக்கலாம். வெட்கம் புரிகிறது. தன் புகழைத் தானே பாடக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அதன் பலனையும் பார்த்துவிட்டேன். ஆறு வருடம் கேன்டீன் கணக்குப் பார்த்த நம்மூர்க்காரர் ஒருவரின் பெயர் ஒரு வருடம்கூடப் பட்டியலில் வரவில்லை. அவரும் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த நாங்களும் "அவருக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம். கேட்டபோதுதான் தெரிந்தது, மனிதருக்கு நன்றாகவே பிடிக்கும்.

கூச்சமாக இருந்தால் ஒரு வழி. நீங்கள் பக்கத்து வீட்டு அண்ணனைப் பற்றி எழுதுங்கள், உங்களைப் பற்றி எழுதும் வேலையை உங்கள் பேட்ரோல் கேப்டனிடம் விட்டுவிடுங்கள். மணிநேரப் பட்டியலை மட்டும் அவர் கையில் கொடுத்தால் போதும்.

கிளப் விருதுக்கு மேல என்னென்ன இருக்கு?

கிளப்பில் ஜெயித்தவர் பெயர் வட்டாரக் கிளைக்குப் போகும், அங்கிருந்து மாநிலத்துக்கு, அங்கிருந்து தேசிய அளவுக்கு. ஆண்டின் சிறந்த லைஃப்சேவர், சிறந்த தன்னார்வலர், சிறந்த மீட்பு, சிறந்த கிளப் என்று பிரிவுகள் உண்டு. அபாயத்தில் இறங்கிக் காப்பாற்றியவர்களுக்கான மெரிட்டோரியஸ் விருது தனி. கிளப்புக்குள்ளேயே பெரிய மரியாதை என்றால் ஆயுட்கால உறுப்பினர் பதவிதான். பொதுக்குழுவில் முடிவாகும், பல வருட உழைப்புக்குப் பிறகே வரும், கேட்டு வாங்குவது அழகில்லை.

இதற்கெல்லாம் வெளியே, நாட்டின் மரியாதை ஒன்றும் உண்டு: ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா மெடல். பெயருக்குப் பின்னால் ஓ.ஏ.எம். என்று போடுவார்களே, அது. ஜனவரி 26லும், ஜூனில் மன்னர் பிறந்தநாளிலும் பட்டியல் வரும். யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம், காசு கிடையாது. இரண்டு விஷயம் மட்டும்: சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லக் கூடாது, முடிவு தெரிய ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகும். அவர் உயிரோடு இருக்கும்போதே மனு போக வேண்டும் என்பதால், வயதானவர் ஒருவரை மனதில் வைத்திருந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

விழாவுக்கு எதை உடுத்துறது? சைவச் சாப்பாடு கிடைக்குமா? அம்மா அப்பா ஊரில இருந்து வந்து நிக்கினம், கூட்டிக்கொண்டு வரலாமோ?

டிக்கெட் வாங்கினால் யாரையும் கூட்டி வரலாம். சேலை, வேட்டி தாராளமாக. சைவம் என்று டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். கடைசி நிமிடத்தில் சொன்னால் உருளைக்கிழங்கு சாலட் மட்டும்தான் கிடைக்கும், அனுபவம் பேசுகிறது. பார் திறந்திருக்கும். குடிக்காதவரை யாரும் வற்புறுத்துவதில்லை. ராஃபிளில் பரிசாக இறைச்சித் தட்டு விழுந்தால் பக்கத்து மேஜைக்குக் கொடுத்துவிடுங்கள், அன்றைக்கு நீங்கள்தான் கதாநாயகன்.

எங்க பேட்ரோல் கேப்டனுக்குப் பொன்னாடை போர்த்தணும்னு அப்பா சொல்றாரு. செய்யலாமா?

செய்யலாம், முன்கூட்டி அந்த நபரிடமும் நிகழ்ச்சியை நடத்துபவரிடமும் சொல்லிவிட்டு. எங்கள் கிளப்பில் ஒரு வருடம் அப்படி நடந்தது. ஆறடி மூன்றங்குல ஆள், போர்த்தியவர் ஐந்தடி. அவர் குனிந்து வாங்கிக்கொண்டு, இரவு முழுக்க அதைக் கழற்றாமல் சுற்றினார். மறுநாள் காலை நீச்சலுக்கும் அதோடு வந்ததாகச் சொல்கிறார்கள், நான் பார்க்கவில்லை.

பேச்சை மட்டும் சுருக்குங்கள். இங்கே விருது வாங்குபவரே இரண்டு நிமிடம்தான் பேசுவார், அதிலும் பாதி தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வது. "கடல் தந்த காவலனே" என்று தொடங்கும் வாழ்த்துமடல் எல்லாம் நம்மூர் விழாவுக்குச் சரி. இங்கே ஒரு உண்மைச் சம்பவம், ஒரு நன்றி, அவ்வளவுதான்.

கூடத்துச் சுவத்துல இருக்கிற அந்தப் பலகையில ஒரு பொம்பளப் பேரைக் கூடக் காணோமே? கேட்டா கோவிச்சுக்குவாங்களா?

பழைய வரிசைகளில் இருக்காது. பெண்கள் பிரான்ஸ் மெடாலியன் பெற்று முழு லைஃப்சேவர்களாகப் பேட்ரோலில் நிற்க அதிகாரபூர்வமாக அனுமதி வந்ததே 1980ல்தான். அதற்கு முன் பெண்கள் கிளப்பில் இல்லாமல் இல்லை. துணைக்குழு அமைத்து நிதி திரட்டினார்கள், சமைத்தார்கள், போட்டிகளை நடத்தினார்கள். பெயர் மட்டும் பலகைக்கு ஏறவில்லை.

கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கேளுங்கள். பழைய கூட்டக் குறிப்புகளைத் தோண்டினால் அந்தப் பெயர்கள் கிடைக்கும். இன்னொன்றும் அடிக்கடி கேட்கிறார்கள்: உடலை மூடிய நீச்சலுடை போடலாமா என்று. தாராளமாகப் போடலாம். 2005 டிசம்பரில் சிட்னியின் குரொனுல்லா கடற்கரையில் நடந்த இனக் கலவரத்துக்குப் பிறகு, பல சமூகத்து இளைஞர்களை கிளப்புகளுக்கு அழைத்து வர ஒரு திட்டம் போட்டார்கள். அதில் சேர்ந்த முஸ்லிம் பெண்ணுக்காக அஹேதா ஸனெட்டி என்ற வடிவமைப்பாளர் சிவப்பு மஞ்சள் புர்கினியே தைத்துக் கொடுத்தார். முழுக்கை ராஷ் வெஸ்ட்டும் லெக்கிங்ஸும் இங்கே யாரும் திரும்பிப் பார்க்கும் விஷயம் இல்லை.

என் வீட்டுக்காரர் ஆறு வருஷத்துல ஒரு ஆளைக் கூடக் காப்பாத்தல. அவருக்கு எப்படி விருது கேக்குறது?

அவருடைய பேட்ரோல் நன்றாக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். கொடியை இழுப்பில்லாத இடத்தில் நட்டது, கொடிக்கு வெளியே இறங்கியவரை விசில் ஊதித் திருப்பியது, காற்றுத் தலையணையில் மிதந்த குழந்தையின் பெற்றோரிடம் பேசியது எல்லாம் பதிவேட்டில் 'தடுப்பு நடவடிக்கை' என்ற வரிசையில் ஏறியிருக்கும். அந்த எண்ணை எடுத்து எழுதுங்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு உதாரணம் சொல்கிறேன். ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலில் தரிசனம், புளியோதரை முடித்து நேராக ஸ்டான்வெல் பார்க் கடற்கரைக்கு இறங்கும் குடும்பங்கள் எத்தனை! பட்டுப்பாவாடையோடு தண்ணீருக்கு ஓடும் பிள்ளையைத் தமிழில் "அந்தப் பக்கம் வேண்டாம் கண்ணா, அங்க இழுக்கும்" என்று சொல்ல ஒரு ஆள் பேட்ரோலில் இருந்தால், அது எந்த ரப்பர் படகுக்கும் குறைந்ததில்லை. அதற்கென்று ஒரு விருதே வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் வாதம். குழுவில் இன்னும் ஜெயிக்கவில்லை.

பெரிய மீட்புகளும் உண்டு, மறுக்கவில்லை. 1938 பிப்ரவரி 6, பாண்டையில் அடுத்தடுத்து வந்த அலைகள் மணல்திட்டில் நின்ற இருநூறுக்கும் மேற்பட்டவர்களை அடித்துப் போயின. ஐந்து பேர் இறந்தார்கள், மற்றவர்கள் மீண்டார்கள். ஞாயிறு என்பதால் அன்று கிளப் ஆட்கள் ஏராளமாகக் கரையில் இருந்தார்கள். வருடம் முழுக்க ஒன்றும் நடக்காத ஞாயிறுகளிலும் தவறாமல் வந்த ஆட்கள்தான் அவர்கள். 1907 ஜனவரியில் அதே கடலில் ஒரு சிறுவனை மீட்டார்கள். அவன் வளர்ந்து 1928ல் விமானத்தில் பசிபிக்கைக் கடந்தான்: சார்ல்ஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித். நாமெல்லாம் பெட்டியோடு வந்து இறங்கிய சிட்னி விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான்.

காப்பாத்தப்பட்டவரையும் மேடைக்குக் கூப்பிட்டா நல்லா இருக்குமே?

அவராக விரும்பிக் கேட்டால் ஒழிய வேண்டாம். நுரை தள்ளிக் கரையில் கிடந்த நாளைத் திரும்ப நினைக்க எல்லோராலும் முடியாது. பெயர், படம், ஊர் எதையும் அனுமதியில்லாமல் மேடையில் சொல்லக் கூடாது. மீட்பைப் பற்றிப் பேசும்போது லைஃப்சேவர் என்ன செய்தார் என்பது வரை போதும். பிள்ளைகளின் படங்களுக்கும் இதே விதி: பெற்றோர் சம்மதம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரையில் போடுவோம்.

இதில் யாரும் கேட்காத பாதி ஒன்று இருக்கிறது. சி.பி.ஆர். செய்தும் ஆள் பிழைக்காமல் போன பேட்ரோல். அவர்கள் செய்தது கொஞ்சமும் குறைந்ததில்லை, ஆனால் கைதட்டலும் இசையும் அவர்களுக்கு வேண்டியிருக்காது. எங்கள் கிளப்பில் முதலில் தனியாகக் கேட்போம்: பெயர் சொல்லலாமா, வெறும் கடிதமாகக் கொடுக்கவா, ஒன்றுமே வேண்டாமா? பதினாறு வயதுப் பிள்ளைகளும் அந்தப் பேட்ரோலில் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு ஆலோசகரின் உதவி போய்ச் சேர்ந்ததா என்பதுதான் அப்போது விருதைவிடப் பெரிய கவலை.

வருஷா வருஷம் அதே நாலு பேருக்குத்தான் கொடுக்குறாங்க. உள்ளுக்குள்ள அரசியலா?

கொஞ்சம் இருக்கலாம், மனிதர்கள்தானே. ஆனால் பெரும்பாலும் நடப்பது சாதாரண விஷயம்: பெயர் கொடுப்பவர்களே நாலு பேர்தான், அவர்களுக்குத் தெரிந்த ஆட்களைத்தான் அவர்கள் எழுதுவார்கள். முப்பது குடும்பம் ஆளுக்கொன்று எழுதினால் பட்டியல் தானாக மாறும். போன வருடம் வாங்கியவர் இந்த வருடம் அதே விருதுக்கு வேண்டாம் என்று நாங்கள் ஒரு விதியும் போட்டிருக்கிறோம்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். குழுவில் என் முதல் வருடம், பத்து வருடச் சேவைப் பட்டியலைத் தயாரித்தவள் நான். ஒரு பெண்மணியின் பெயர் திருமணத்துக்குப் பின் மாறியிருந்தது. பதிவேட்டில் இரண்டு பெயராக, இரண்டு பாதியாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. விழாவில் எல்லோரும் எழுந்து நிற்கும்போது அவர் உட்கார்ந்தபடி கைதட்டினார். மறுவாரம் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்தார். இப்போது பட்டியலைப் பத்து நாள் முன்பே கிளப் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறோம்.

இறந்துபோனவங்களை விழாவில நினைவு கூரலாமா? சந்தோஷமான நாள்ல பொருத்தமா இருக்குமா?

இங்கே அது விழாவின் பகுதிதான். முதலில் பெயர்களை வாசித்து ஒரு நிமிட மௌனம், பிறகுதான் சாப்பாடு. கடலிலும் செய்வார்கள். பலகைகளில் துடுப்புப் போட்டு அலைக்கு அப்பால் போய், வட்டமாக நின்று, பூவைத் தண்ணீரில் விடுவது வழக்கம். நம் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பார்த்தால் விளக்கமே கேட்கமாட்டார்கள். ஆற்றில் பூ விட்டவர்கள் அவர்கள்.

2019 ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறன்று, விக்டோரியாவின் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளுக்கு அருகே கடலில் சிக்கிய சுற்றுலாப் பயணி ஒருவரை மீட்கப் போர்ட் கேம்ப்பெல் கிளப்பின் படகு போனது. படகு கவிழ்ந்து ராஸ் பவலும் அவர் மகன் ஆண்ட்ரூ பவலும் இறந்தார்கள். பயணி பிழைத்தார். அந்த வருடம் எங்கள் விழாவில் யாரும் எதுவும் திட்டமிடவில்லை. படகு ஓட்டுநர்களுக்கான விருதைப் படிக்க வந்தவர் அந்த இரண்டு பெயரையும் முதலில் படித்தார், கூடம் எழுந்து நின்றது.

எனக்கு விருது வேண்டாம்னு சொல்லலாமா? தப்பா எடுத்துக்குவாங்களா?

சொல்லலாம். மேடை வேண்டாமா, விருதே வேண்டாமா என்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் முதலாவதுதான்.

மேலே குழாயடிக்காரரைப் பற்றிச் சொன்னேனே, அவருக்கு ஒரு வருடம் கேடயம் முடிவானது. விழாவுக்கு வரமாட்டேன் என்றார். சரி என்று, அடுத்த சீசனின் முதல் பேட்ரோல் முடிந்ததும் நாங்கள் ஏழெட்டுப் பேர் காபிக்குப் போகாமல் கொட்டகைக்குப் பின்னால் போனோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கேப்டன் ஏதோ பேசினார், சத்தத்தில் பாதி கேட்கவில்லை. அவர் ஹோஸை என் கையில் கொடுத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக் கேடயத்தை வாங்கினார். பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணியை அந்தப் பக்கம் பிடி, மூடிக்குள்ள போகுது" என்றார்.